கூழைக்கடா எச்சமும் உன் நீலக் காரும்

ஹுணசெகெரே,
சங்கராந்தி கழிந்து ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.

கரியா,

உன் சிக்கதாயி வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் எல்லோரும் சுகம். அவ்விடம் உன் சுகத்துக்கு உடனே பதில் போடவும். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நாலாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அதற்குமேல் நான் படிக்கவில்லை, அதனால் வேறு மாதிரி தொடங்கத் தெரியாது. பதில் போட உனக்குத் தோதுப்படாது என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்னை இந்தப் பெயரால் அழைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபத்தாறு வருஷம் வாசலுக்கு வெளியே 'ஏனுங்க', வாசலுக்கு உள்ளே 'கரியா'. ஊர் கேட்டால் சிரிக்கும் என்று உனக்குப் பயம். உன் பதினோராம் நாள் காரியத்துக்கு உன் தம்பி மரிகவுடா அட்டை அடித்து, அதில் 'திரு. ஜவரேகவுடா, கார் உரிமையாளர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அது யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அன்றைக்கு என்னால் அத்தனை பேருக்கும் கறிச்சாறு ஊற்ற முடிந்தது.

விஷயம் உன் காரைப் பற்றியது. நீ பதறக் கூடாது என்பதற்காகக் கடைசியை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் நன்றாகிவிட்டது, மகள் சைத்ரா வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதே. பேசமாட்டாய்தான், பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

போன சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மத்தூர் வாடகைக் கார் ஸ்டாண்டிலிருந்து வந்து, வழக்கம்போல் நம் வீட்டுப் புளியமரத்துக்கு அடியில், கூழைக்கடாக் கூடுகளுக்கு நேர் கீழே காரை நிறுத்தினாய். அதன் கூரைமேல் நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை மடித்துப் போட்டாய். எதிரே கோயில் முன்னால் காலி இடம் கிடக்கிறது, பள்ளிக்கூடச் சுவரோரம் கிடக்கிறது, எல்லாம் கிடக்க அந்த மரத்தடியில்தான் நிறுத்துவேன் என்று எத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்திருக்கிறாய். பறவைகள் இந்த ஊருக்குப் பிரசவத்துக்கு வரும் மகள்கள், விரட்டக் கூடாது, சரி. நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன், எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குக்கூட நாம் வெடி வெடிக்கவில்லை. ஆனால் பிரசவத்துக்கு வந்த மகளின் காலடியில் போய் யாராவது காரை நிறுத்துவார்களா? அன்றைக்கு நான் கேட்டேன்.

"ஏன் இங்கயே நிறுத்தறே?"

"நிழலுக்குத்தான்டி."

"பொழுது சாஞ்சப்புறம் என்ன நிழல்?"

"நிலா வெளிச்சம்கூட பெயிண்டுக்கு ஆகாதுடி. உனக்குத் தெரியாது."

நீ சிரித்தாய். எனக்கு ஆத்திரம் வந்தது. போர்வையை உருவித் துவைக்கிற கல்மேல் எறிந்துவிட்டு, "என் கை நோகத் தச்சது பறவை பீ துடைக்கறதுக்கா? அதுங்கதான் உனக்கு மகளுங்கன்னா, மரத்துமேல ஏறி அதுங்ககூடவே படுத்துக்க" என்றேன். மறுநாள் காலையில் நீ ஸ்டாண்டில் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்துக் கிடந்ததை எல்லோரும் தூங்குகிறாய் என்று நினைத்தார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை. நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது பறவை பீயைப் பற்றி. அந்தப் போர்வையும் உன் துணிமணிகளோடு சேர்ந்து சிம்ஷா ஆற்றோடு போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

காரை மரிகவுடா ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்து அதே மரத்தடியில் விட்டுப் போனான். மாசத்துக்கு ஒருமுறை வந்து கிளப்பி உறும வைப்பான். கழுவட்டுமா என்று கேட்டவர்களை நான் விரட்டினேன். அதில் உன் வாசனை இருக்கிறது என்றெல்லாம் இல்லை. அதில் இருப்பது டீசல் வாசனையும் மீன் வாசனையும்தான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பறவைகள் ஆனி மாசம் வரை இருந்து தங்கள் காரியத்தை ஒழுங்காகப் பார்த்தன. வெயில் அதைச் சுட்டது. மழை அதைக் கரைத்து வழியவிட்டது. மார்கழியில் மறுபடியும் பறவைகள் வந்து, மேலே புதுசாகப் பூச ஆரம்பித்தன. உன் நீலக் கார் சுண்ணாம்புச் சூளையிலிருந்து எழுந்து வந்த கோவேறு கழுதைபோல் நின்றது.

அப்போதுதான் சம்பந்தியம்மா தேவீரம்மா போன் பண்ணினார். சைத்ராவுக்கு ஏழாம் மாசம், சங்கராந்தி முடிந்து நல்ல நாள் பார்த்து மடியில் அரிசி கட்டி அழைத்துப் போங்கள் என்றார். அதோடு விட்டாரா?

"எப்படி வர்றீங்க? பஸ்லயா?"

"எங்க காரிலதாங்க."

"அட, அந்தக் கார் இன்னும் இருக்கா? எங்க பையன் போன மாசம் பாத்துட்டு வந்து, கோழி அடையற கூண்டு மாதிரி இருக்குன்னான். நாங்க வேணும்னா ஒரு வாடகை வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா?"

நான் போனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சைத்ரா கல்யாணத்தன்றே நீ சொன்னாய், "என் மக முதல் பிரசவத்துக்கு என் காருலதான் வருவா. வாடகை வண்டிக்காரன் மக வாடகை வண்டியிலயா வரணும்?" என்று. எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாய். சம்பந்தியம்மாவுக்கும் கேட்டது. பத்து மாசமாகக் காரைக் கண்ணெடுத்துப் பார்க்காதவள் அன்றைக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். முன் மூடியில் ஒரு விரல் உயரத்துக்கு எச்சம் மேடு தட்டிக் கிடந்தது. நகத்தால் கீறினேன். நகம்தான் உடைந்தது.

அடுத்த வீட்டுப் புட்டக்கா வந்தாள். அவளுக்கு இந்த எச்சத்தின்மேல் எவ்வளவு பேராசை என்று உனக்குத் தெரியும். நம் மரத்தடியில் எரு வாரும் உரிமை யாருக்கு என்று உன் அம்மாவோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவள் அல்லவா? காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள்.

"சிக்கி, இதை என்ன பண்ணப் போறே?"

"கழுவப் போறேன்."

"ஐயோ பாவி! தங்கத்தைத் தண்ணியில விடுவியா? மிளகாச் செடிக்கு இதைவிட ஒரு எரு உண்டா? நீ தண்ணிய எடுத்துட்டு வா. அதுக்குள்ள நான் உலர்ந்தாப்பல எடுத்துக்கறேன்."

நான் கிணற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்பி வருவதற்குள், அவள் கூடையைக் கீழே வைத்துக்கொண்டு கதிர் அறுக்கிற அரிவாளால் உன் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சர்ர், சர்ர் என்று சத்தம். எனக்குப் பல் கூசியது. அரைக் கூடை நிறைந்துவிட்டது. முன் மூடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஏர் உழுத மாதிரி கோடு கோடாக வெள்ளைத் தகரம் தெரிந்தது.

"பெயிண்டும் கொஞ்சம் வந்துருச்சு" என்றாள். "பரவாயில்ல, எருவோட எருவா மக்கிரும்."

நான் அழுதேன். புட்டக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னோடு சேர்ந்து அழுதாள். கூடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

மிச்சம் இருந்த கறையை நான் எடுக்கப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினால் அழுக்கு போனது, ஆனால் எச்சம் விழுந்த இடமெல்லாம் மங்கலாக, தேமல் மாதிரி அப்படியே நின்றது. நம் வீட்டில் மங்கினது எது, அதை எதனால் தேய்ப்போம்? பித்தளைக் குடம் மங்கினால் புளியும் சாம்பலும். குத்துவிளக்கு மங்கினால் புளியும் சாம்பலும். மாரம்மன் உற்சவத்துக்கு ஊர்ப் பாத்திரம் முழுக்கத் தேய்த்துப் பெயர் வாங்கினவள் நான். அதே மரத்துப் புளியை ஒரு சட்டி ஊறவைத்து, அடுப்புச் சாம்பலைக் கலந்து, தேங்காய் நார் எடுத்துக்கொண்டு காலையில் தொடங்கினேன். கை ஓயவில்லை, கரியா. உன்னைத் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் தேய்த்தேன். நார் போன பக்கமெல்லாம் வட்டம் வட்டமாக விழுந்தது. அது பளபளப்பின் ஆரம்பம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். மத்தியானம் காய்ந்தபின் பார்த்தால், கார் முழுக்கக் காய்ந்த திராட்சையின் தோல் மாதிரி இருந்தது. தேமல் மட்டும் போகவே இல்லை. முன்பு கறை இருந்த இடம் மட்டும் மங்கல், இப்போது எல்லா இடமும் மங்கல். ஒரு வகையில் சமமாகிவிட்டது.

மரிகவுடா வந்து தலையில் கை வைத்தான்.

"அண்ணி, இது காரா, கொப்பரையா? புளி போட்டா தேய்ப்பாங்க?"

"குடம் மட்டும் மின்னுதே?"

"குடத்துக்கு யாரு அண்ணி பெயிண்ட் அடிச்சிருக்கா?"

அது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் பாத்திரம் தேய்த்தும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். சங்கராந்திக்கு எட்டு நாள்தான் இருந்தது. தலைமுடி வறண்டு மங்கினால் விளக்கெண்ணெய் வைக்கிறோமே, வண்டியும் வறண்டுதானே மங்கியிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு போத்தல் விளக்கெண்ணெய். முன்னால், பின்னால், கதவு, எல்லாம் பூசினேன். நீ பார்த்திருக்க வேண்டும்! புதுக் கார் மாதிரி, முகம் தெரிகிற மாதிரி மின்னியது. சம்பந்தியம்மா வீட்டு வாசலில் அது போய் நிற்பதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஊரே நம் தெருவில் கொள்ளுச் செடியைக் காயப்போட்டிருந்தது. போகிற வண்டிகள் மிதித்துத் தோல் உரிந்து கிடந்தது. மேற்கிலிருந்து காற்று வந்தது. புட்டக்கா வீட்டார் அந்தக் காற்றுக்காகவே காத்திருந்து, முறத்தால் தூற்ற ஆரம்பித்தார்கள். கொள்ளுப் பொட்டு, சருகு, தூசு அத்தனையும் பறந்து வந்து உன் கார்மேல் ஒட்டியது. ஒரு இடம் பாக்கியில்லை. கரடி ஒன்று படுத்திருப்பதுபோல் ஆகிவிட்டது. நம் எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டு முன் மூடியை ஒரு நக்கு நக்கியது.

தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். நீ போனபிறகு நம் வாசலில் யாரும் சிரித்ததில்லை. எனக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். வருஷம் திரும்புவதற்குள் சிரித்தாள் என்று பேச்சு வரும். நீயாவது தப்பாக நினைக்காதே.

மரிகவுடா அந்தக் கரடியை ஓட்டிக்கொண்டு என்னையும் உட்காரவைத்து மத்தூருக்குப் போனான். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் முனவ்வர் பாய் கொட்டகை போட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறாரே, அங்கே. அவர் பீடியை அணைத்துவிட்டு வந்து சுற்றிப் பார்த்தார். மோவாயைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இதுக்கு யாரு சவரம் பண்ணினது?"

"அடுத்த வீட்டுக்காரி. அரிவாள்."

"இந்த வட்டம் வட்டமா?"

"நான்தான். புளியும் சாம்பலும்."

"இந்த ரோமம்?"

"விளக்கெண்ணெய்."

"உப்பு, மிளகா மட்டும்தான் பாக்கி. போட்டிருந்தா சாறு ஆகியிருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. அப்புறம்தான் முன்பக்க நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். "இது ஜவரேகவுடரு வண்டியா?" என்று கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்று வண்டி முன்னால் நின்றன. மூன்றையும் வெளியே தள்ளச் சொல்லி உன் வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொன்னார்.

என்ன ஆனது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வெயிலில் பெயிண்ட் இளகுமாம். மேலே காய்கிற எச்சம் சுருங்கிச் சுருங்கி அதைப் பிடித்து இழுக்குமாம். குளிர்ந்ததும் பெயிண்ட் அப்படியே இறுகிவிடுமாம். அதுதான் தேமல். மீன் தின்கிற பறவை எச்சம் புளிப்பு அதிகம். அதன்மேல் நான் இன்னும் புளி வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

"எச்சம் விழுந்தா ஒண்ணுமே பண்ண வேணாம் அக்கா. ஈரத்துணிய அதுமேல போட்டு, ஒரு பீடி குடிக்கற நேரம் விட்டுட்டா ஊறிப்போய்த் தானா வந்துரும். தேய்க்கவே கூடாது. அதுல மீன்முள்ளு இருக்கும், கீறிரும்."

"ஈரத்துணி மட்டுமா?"

"ஈரத்துணி மட்டும்."

"முன்னமே யாராவது சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க? சரி, விடுங்க. பறவை பண்ணினது பாதி, நீங்க பண்ணினது பாதி. பறவை பண்ணினது சுலபம்."

நாலு நாள் வேலை. நானும் தினம் முதல் பஸ்ஸில் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? சோப்புத் தண்ணீரில் எண்ணெயையும் கரடி மயிரையும் எடுத்தார். தேமல் ஆழமில்லாத இடத்தில், தொட்டால் வழுவழு என்று இருக்கிற தண்ணீர்ப் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்து, குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல் தேய்த்தார். பிறகு களிம்பு மாதிரி ஒன்றைப் பூசி, சுற்றுகிற மெஷினை வைத்தார். அடியிலிருந்து நீலம் எழுந்து வந்தது. முன் மூடி தேறாது, புட்டக்காவின் அரிவாள் அடிவரை போயிருக்கிறது என்று அதை மட்டும் முழுக்கச் சுரண்டி, புதுசாக நீலம் அடித்தார். பழைய நீலத்துக்கு ஈடான நீலம் கலப்பதற்கே ஒரு பகல் ஆனது. வெயிலில் பிடித்துப் பார்ப்பார், தலையாட்டுவார், மறுபடியும் ஒரு சொட்டு விடுவார்.

மூன்றாம் நாள் ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது புதுசா இருக்கே. முன் மூடி அத்தனை நாசம், கூரையில பெயிண்ட் மெஷின் வச்சதும் தேறிருச்சு. ஆனா குழி குழியா இருக்கு, பாருங்க. கூரைமேல பலாப்பழம் போட்டு விளையாடினீங்களா?"

கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அடங்குகிற அளவுக்கு, ஆழமில்லாத குழிகள். அவரே எண்ணினார், பதினொன்று. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மரத்திலிருந்து கிளை விழுந்திருக்கும், குரங்கு குதித்திருக்கும் என்றேன்.

"தட்டி எடுத்துரட்டுமா? இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது."

"எடுத்துருங்க பாய். சம்பந்தி வீட்டுல மாடியிலேருந்து பார்ப்பாங்க" என்றேன்.

உள்ளே துணியை அவிழ்த்து, மரச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். டொக், டொக் என்று பதினொரு தடவை. கூரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

போன திங்கட்கிழமை மரிகவுடா ஓட்ட, நான் மடியில் அரிசியும் வெல்லமும் பூவும் வைத்துக்கொண்டு உன் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். சம்பந்தியம்மா வாசலில் நின்றிருந்தார். காரை முன்னாலிருந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். கதவைத் தொட்டு, விரலில் ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்த்தார்.

"புதுசு வாங்கினீங்களா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரரோடதுதான்."

அவர் மறுபடியும் ஒரு தரம் கதவைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு வேறு சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. சைத்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள், கார் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள். முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவள், என்னிடம், "அவ்வா, சித்தப்பாவை மெதுவா ஓட்டச் சொல்லு. அப்பா மாதிரி" என்றாள். மரிகவுடாவும் மாட்டு வண்டியைவிட மெதுவாக ஓட்டினான். எல்லா வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

காரை இப்போது கோயில் முன்னால் காலி இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறோம். மேலே மரம் இல்லை, பறவை இல்லை. காலையில் ஒரு தரம் ஈரத்துணியால் துடைக்கிறேன். முகம் தெரிகிறது. கடைசியில் நான் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று, பார்த்தாயா? இத்தனை வருஷம் நீ இதைக் கேட்டிருந்தால் எத்தனை பெயிண்ட் மிச்சமாகியிருக்கும். ஆனாலும் அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதை நீ மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். உன் காரை நான் சுத்தம் பண்ணிவிட்டேன். உன் மகள் உன் காரில்தான் வந்தாள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது.

அங்கே உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். எருவைப் புட்டக்காவிடம் கொடுத்ததை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லாதே. சைத்ராவுக்கு நல்லபடி பிரசவம் ஆக, அங்கிருந்தபடியே ஆசி கூறு. உன் வருஷத் திதியன்று ராகிக்களி, கோழிச்சாறு, ஒரு கட்டு பீடி எல்லாம் வைப்பேன், இந்தக் கடிதத்தையும் இலைக்குப் பக்கத்தில் வைப்பேன். சாறு படாமல் எடுத்துப் படி.

இப்படிக்கு,
உன்
சிக்கதாயி.

பின்குறிப்பு: நாளைக்கு உன் திதி. கடிதத்தை மடித்து வைத்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. மறுபடியும் பிரிக்க வேண்டி வந்துவிட்டது. மேலே காரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடு.

இன்றைக்கு விடிகிற நேரத்தில் வாசல் தெளிக்கப் போனேன். மேலே காற்று. மரத்திலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது. கூழைக்கடாக் குஞ்சு, இறகு சரியாக முளைக்காதது. கட்டாந்தரையில் விழுந்து கழுத்து மடங்கிக் கிடந்தது. சைத்ரா எழுந்து வந்து பார்த்துவிட்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புட்டக்கா வந்தாள். குஞ்சைப் பார்த்தாள், மரத்தடியில் கார் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காரை ஏன்டி எடுத்தே இங்கிருந்து?"

"எச்சம் படுதே, அதான்."

"அது நின்னிருந்தா இது செத்திருக்காதே. உன் வீட்டுக்காரரு நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாலயே எத்தனை குஞ்சை அந்தக் கூரையிலேருந்து எடுத்து, வனத்துறைக் கொட்டகையில கொண்டுபோய் விட்டாரு! போர்வைமேல விழுந்து முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். போன வருஷம் போர்வை இல்லாமயே ரெண்டு விழுந்துச்சு. தகரம் குழிஞ்சு கொடுத்துச்சு, பிழைச்சுக்கிச்சு. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

"என்கிட்ட நிழலுக்குன்னுதானே சொன்னாரு?"

"நீ நம்பினியா? ஊருக்கே தெரியும். நீ அவரைத் திட்டும்போதெல்லாம் நாங்க உள்ள உக்காந்து சிரிப்போம். அவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. சொன்னா, நல்ல போர்வையக் கேட்டு வாங்கின மாதிரி ஆயிரும்னு நினைச்சாரோ என்னவோ."

நான் அந்தப் போர்வையை உருவியெறிந்த இரவில் ஏதாவது விழுந்ததா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பதினொரு குழியையும் நான்தானே தட்டி எடுக்கச் சொன்னேன், சம்பந்தியம்மாவுக்காக.

மரிகவுடாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். சாவியை அவன் மத்தூரில் விட்டு வந்திருந்தான். நானும் அவனும் புட்டக்காவும் சேர்ந்து தள்ளினோம். சைத்ரா நின்றுகொண்டு, "இன்னும் பின்னால, அவ்வா, இன்னும், கூட்டுக்கு நேரா" என்று கையாட்டினாள். நின்ற கொஞ்ச நேரத்துக்குள், முனவ்வர் பாய் ஒரு பகல் முழுக்கக் கலந்தாரே அந்தப் புது நீலத்தின்மேல் சொத்தென்று முதல் எச்சம் விழுந்தது. நான் துடைக்கவில்லை. புட்டக்கா கூடையைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போர்வைக்கு எங்கே போவது? சைத்ராவே உள்ளே போய், அவள் பிரசவத்துக்காக நான் தைத்து வைத்திருந்த போர்வையை எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். "அதுங்களும் பிரசவத்துக்குத்தானே அவ்வா வந்திருக்கு" என்றாள். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு கார் பக்கத்தில் நிற்கிறேன், நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். இரண்டாக மடித்தால் மெத்தென்று இல்லை. ரொம்ப மடித்தால் கூரை முழுக்க எட்டவில்லை, ஓரத்தில் விழுகிற குஞ்சு போய்விடும். எத்தனையோ சாயங்காலம் நீ அதை மடித்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். திட்டுகிற மும்முரத்தில் எண்ணவே இல்லை.

நீ எத்தனை மடிப்பு மடித்துப் போடுவாய், கரியா?